எந்த ஃபிரேமைத் தூக்கி எறியலாம்?

ஒமேகா சென்டாரியைத் தமிழ்நாட்டிலிருந்து படம் எடுக்கிறவர்கள் ஒரே இரவில் ஏழெட்டு வகைத் தரத்தில் ஃபிரேம்களோடு (ஒரே இலக்கைத் திரும்பத் திரும்ப எடுத்த தனித்தனிப் படங்களோடு) வீடு திரும்புவார்கள். காரணம் அவர்கள் கையில் இல்லை. என்.ஜி.சி 5139 என்று பட்டியலில் இருக்கும் இந்தக் கோளக் கொத்து (உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம்), வான நடுவரைக்குத் தெற்கே சுமார் 47.5 பாகையில் இருக்கிறது. காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்திருக்கும் ஜவ்வாது மலைப் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12.5 பாகை. ஆக, ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்கு வரும்போதுகூட அது தென்வானில் 30 பாகை உயரத்தைத் தாண்டாது. 25 பாகைக்கு மேல் அது நிற்பது ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம். 15 பாகைக்கு மேல் என்றால் ஆறே முக்கால் மணி நேரம்.

25-க்குக் கீழே எடுத்ததை எல்லாம் கழித்துவிட்டால் இரவில் பாதி வீண். எல்லாவற்றையும் அப்படியே ஸ்டாக் செய்தால் (ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால்) நட்சத்திரங்கள் உப்பிப்போகும், பின்னணியும் கரகரப்பாகும். "மோசமானதைக் கழி, நல்லதை வை" என்று சொல்லிக்கொடுப்பது சுலபம். ஆனால் அது கோள்களுக்குப் பொருந்துகிற அளவுக்கு ஆழ்வானப் படங்களுக்குப் பொருந்தாது. வியாழனை வீடியோவாக எடுத்து ஆட்டோஸ்டேக்கர்ட் மென்பொருளில் போடும்போது பத்தாயிரம் ஃபிரேம் இருக்கும். சிறந்த 10 அல்லது 20 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. மங்கலான நெபுலாவிலும் கோளக் கொத்தின் ஓரத்து விண்மீன்களிலும் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் மதிப்பு உண்டு.

முதலில் கணக்கு. ஒரே தரத்தில் 10 ஃபிரேம் இருக்கிறது, ஒவ்வொன்றின் சிக்னல்-இரைச்சல் விகிதமும் (இலக்கின் ஒளிக்கும் தாறுமாறான கரகரப்புக்கும் உள்ள விகிதம்) 1 என்று வைத்துக்கொள்வோம். சராசரி எடுத்தால் விகிதம் √10, அதாவது 3.16. இப்போது இன்னொரு 10 ஃபிரேம் வருகிறது. மெல்லிய மேகத்தில் எடுத்தவை, விகிதம் பாதிதான், 0.5. இருபதையும் சம எடையில் சராசரி எடுத்தால் கிடைப்பது 2.83. கூடுதல் தரவைச் சேர்த்த பிறகு படம் முன்பைவிட மோசம்! அதே இருபதையும் தரத்துக்கேற்ற எடையோடு சேர்த்தால் 3.54. கழித்துக்கட்டியதைவிட 12 சதவீதம் மேல்.

தரத்துக்கேற்ற எடை என்பது என்ன? எல்லா ஃபிரேம்களையும் ஒரே சிக்னல் அளவுக்குப் பெருக்கிச் சமப்படுத்திய பிறகு, ஒவ்வொன்றிலும் மிஞ்சும் இரைச்சலின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதம். இரைச்சல் இரு மடங்கு என்றால் எடை கால் பங்கு. இதிலிருந்தே இன்னொரு விதியும் கிடைக்கிறது: சமப்படுத்திய பிறகு ஒரு ஃபிரேமின் இரைச்சல் மற்றவற்றைப் போல 1.4 மடங்கைத் தாண்டினால், சம எடை ஸ்டாக்கில் அது கெடுதல்தான் செய்யும். எடை போட்டால் எவ்வளவு பலவீனமான ஃபிரேமும் கொஞ்சமாவது உதவும்.

இங்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். பலவீனமான ஃபிரேம் வேறு, பழுதான ஃபிரேம் வேறு. நிலவொளி, மெல்லிய சீரான மேகம், தாழ்ந்த உயரம், குறைந்த எக்ஸ்போஷர் எல்லாம் பலவீனம். சிக்னல் குறைகிறது, இரைச்சல் கூடுகிறது, எடை அதைச் சரிக்கட்டும். காற்றில் மவுண்ட் ஆடி நீண்டுபோன நட்சத்திரம், லென்ஸில் பனி படிந்து வந்த ஒளிவட்டம், ஃபோகஸ் போனது, திட்டுத்திட்டான மேகம், தவறான ஃபிளாட்டால் (தூசியையும் ஓர இருட்டையும் சரிசெய்யச் சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) வந்த தூசி வளையம், இவை பழுது. இவை தற்செயல் இரைச்சல் இல்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே மாதிரித் தவறு. எத்தனை சேர்த்தாலும் சராசரியில் கரையாது. பலவீனத்துக்கு எடை, பழுதுக்குக் குப்பைத்தொட்டி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: நிலவொளி ஃபிரேமைக் கண்ணால் பார்த்து "வெளுத்திருக்கிறது" என்று அழிக்கிறார்கள், லேசாக நீண்ட நட்சத்திரத்தை "ரிஜெக்‌ஷன் பார்த்துக்கொள்ளும்" என்று (மற்ற ஃபிரேம்களோடு ஒத்துப்போகாத பிக்சலை மென்பொருளே வெட்டிவிடும் என்று நம்பி) விடுகிறார்கள்.

ஒமேகா சென்டாரிக்கே இதைப் போட்டுப் பார்க்கலாம். 30 பாகை உயரத்தில் ஒளி கடந்துவரும் காற்றின் தடிமன், தலைக்கு நேர் மேலே இருப்பதைப் போல 2 மடங்கு. 15 பாகையில் 3.8 மடங்கு. ஒரு மடங்கு காற்றுக்கு 0.25 மேக்னிட்யூட் (பிரகாச அளவு; எண் கூடக்கூட மங்கல்) ஒளி உறிஞ்சப்படுகிறது என்று கொண்டால் (ஏப்ரல் மாதப் புழுதியில் இது இன்னும் கூடும்), 15 பாகையில் கிடைக்கும் ஒளி உச்சத்தில் கிடைப்பதில் 66 சதவீதம். வானப் பின்னணி மாறவில்லை என்றால் எடை இதன் வர்க்கம், 0.44. காற்றின் சலனத்தால் நட்சத்திரம் உப்புவது காற்றுத் தடிமனின் 0.6 அடுக்காகக் கூடும். அதாவது உச்சத்தில் 2.5 ஆர்க்செகண்டாக (பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) இருந்த எஃப்.டபிள்யூ.எச்.எம் (நட்சத்திரப் பிம்பத்தின் பாதிப் பிரகாசத்தில் உள்ள அகலம்) 15 பாகையில் 3.7 ஆகிவிடும். புள்ளி மூலங்களுக்கு, அதாவது நட்சத்திரங்களுக்கு, சிக்னல்-இரைச்சல் விகிதத்தின் வர்க்கம் எஃப்.டபிள்யூ.எச்.எம்-இன் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போகிறது. ஆகவே கோளக் கொத்தைப் பொறுத்தவரை அந்த ஃபிரேமின் எடை 0.44 அல்ல, சுமார் 0.2.

அதே உயரத்தில் பரந்த நெபுலாவை எடுத்திருந்தால் 0.44 அப்படியே நிற்கும். விரிந்த வாயு மேகத்துக்கு எஃப்.டபிள்யூ.எச்.எம் 2.5 ஆனால் என்ன, 4 ஆனால் என்ன. கொத்துக்கும் கேலக்ஸிக்கும் கூர்மையைப் பார்க்க வேண்டும். நெபுலாவுக்கும் தூசி மேகத்துக்கும் ஒளி ஊடுருவலையும் பின்னணியையும் பார்க்க வேண்டும். மென்பொருளில் எந்த எடையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பதில் இலக்கில்தான் இருக்கிறது.

அளப்பது எப்படி

சிரில் என்ற மென்பொருளில் ஃபிரேம்களை கேலிபரேட் செய்து (சென்சார், லென்ஸ் குறைகளைச் சரிசெய்து) ரெஜிஸ்டர் செய்தபின் (நட்சத்திரங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்தியபின்), நிறைசெறிவு ஆகாத (பிரகாசம் சென்சாரின் உச்சவரம்பைத் தொடாத) ஒரு நடுத்தர நட்சத்திரத்தைச் சுற்றிச் சிறு கட்டம் வரைந்து, வலது கிளிக்கில் முழு வரிசைக்கும் பி.எஸ்.எஃப் (நட்சத்திரப் புள்ளி படத்தில் பரவியிருக்கும் வடிவம்) கணக்கிடச் சொல்லுங்கள். ப்ளாட் பக்கத்தில் ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த நட்சத்திரத்தின் மேக்னிட்யூட், எஃப்.டபிள்யூ.எச்.எம், உருண்டைத்தன்மை, பின்னணி எல்லாம் வரைபடமாக வரும். இந்த ஒரு படி அரை மணி நேரத் தலைவலியை மிச்சப்படுத்தும்.

மேக்னிட்யூட் வரைபடத்தை எடைக்கு மாற்றுவது எளிது. பின்னணி மாறாமல் நட்சத்திரம் 0.1 மேக்னிட்யூட் மங்கினால் எடை 0.83. 0.38 மங்கினால் 0.5; சம எடை ஸ்டாக்கில் கெடுதல் தொடங்கும் இடம் இதுதான். 0.75 மங்கினால் ஒளி பாதி, எடை கால். 1.5 மங்கினால் எடை பதினாறில் ஒன்று. அப்படிப்பட்ட 16 ஃபிரேமைச் சேர்த்தால்தான் ஒரு நல்ல ஃபிரேம். கணினி நேரமும் டிஸ்க் இடமும் அதற்குத் தகாது, கழித்துவிடலாம். பின்னணி மட்டும் கூடினால் கணக்கு வேறு: வானம் சதுர ஆர்க்செகண்டுக்கு 21.5 மேக்னிட்யூடிலிருந்து நிலவால் 20-க்கு வெளுத்தால் பின்னணி 4 மடங்கு, எடை கால். நிலவில் 4 மணி நேரம் எடுத்தது இருட்டில் 1 மணி நேரத்துக்குச் சமம். அந்த ஒரு மணி நேரத்தை எறிய எனக்கு மனம் வராது.

எண்களைவிட வரைபடத்தின் வடிவம் நிறையச் சொல்லும். எஃப்.டபிள்யூ.எச்.எம் கோடு உச்ச நேரத்தில் பள்ளமாகவும் இருபுறமும் ஏறியும் இருந்தால் உயரம் காரணம். ஒரே பக்கமாக மெதுவாக ஏறிக்கொண்டே போனால் வெப்பநிலை இறங்கி ஃபோகஸ் நகர்ந்திருக்கிறது. அங்கங்கே ஊசி போல எழும்பினால் காற்று, அல்லது யாரோ டிரைபாடை இடித்திருக்கிறார்கள். நட்சத்திர எண்ணிக்கை குறைந்து பின்னணியும் குறைந்தால் இருண்ட இடத்து மேகம். எண்ணிக்கை குறைந்து பின்னணி கூடினால் ஊர் வெளிச்சம் பட்ட மேகம். எண்ணிக்கை விடியும் வரை சீராகச் சரிந்துகொண்டே போனால் முதலில் கண்ணாடியில் பனியைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் கடலோரத்தில் இது வழக்கம்.

எஃப்.டபிள்யூ.எச்.எம்-ஐ மட்டும் நம்பினால் ஒரு பொறி உண்டு. மேகம் மங்கலான நட்சத்திரங்களை மறைத்துவிடும். மிஞ்சிய பிரகாசமான சிலவற்றை வைத்துக் கணக்கிட்ட சராசரி, நல்ல ஃபிரேமைவிடக் கூர்மையாகக்கூடத் தெரியும். இதற்காகத்தான் சிரிலில் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கும் 'வெயிட்டட் எஃப்.டபிள்யூ.எச்.எம்' என்ற அளவு இருக்கிறது. வடிகட்டுவதற்கு அதையே பயன்படுத்துங்கள். டீப்ஸ்கைஸ்டேக்கர் மென்பொருள் தரும் ஸ்கோரும் நட்சத்திர எண்ணிக்கையைச் சார்ந்தது. ஒரே எக்ஸ்போஷர், ஒரே இலக்கு என்றால் அது நல்ல வழிகாட்டி. 30 விநாடி ஃபிரேமையும் 180 விநாடி ஃபிரேமையும் ஒரே பட்டியலில் போட்டு "சிறந்த 80 சதவீதம்" என்று கேட்டால், குறைந்த எக்ஸ்போஷர்கள் மொத்தமாகக் கழிந்துபோகும். அவை மோசமானவை என்பதால் அல்ல, குட்டையானவை என்பதால்.

மென்பொருள் போடும் எடையும் அதன் குருட்டுப் புள்ளியும்

சிரிலின் ஸ்டாக்கிங் பக்கத்தில் நான்கு வகை எடை இருக்கிறது: பின்னணி இரைச்சல், நட்சத்திர எண்ணிக்கை, வெயிட்டட் எஃப்.டபிள்யூ.எச்.எம், படங்களின் எண்ணிக்கை. பிக்ஸ்இன்சைட் மென்பொருளில் இப்போது வழக்கமாக வருவது பி.எஸ்.எஃப் சிக்னல் வெயிட். இது நட்சத்திரங்களின் ஒளியையே அளப்பதால் கூர்மை, ஒளி ஊடுருவல் இரண்டையும் ஒரே எண்ணில் பிடிக்கிறது. பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு இதுதான் பாதுகாப்பான தேர்வு.

இரைச்சலை மட்டும் அளக்கும் எடையில் ஒரு வில்லங்கம். இருண்ட இடத்தில் மேகம் கடக்கும்போது பின்னணியே கருத்துப்போகும். பின்னணி குறைந்தால் இரைச்சலும் குறையும். "இந்த ஃபிரேம் எவ்வளவு சுத்தம்!" என்று மென்பொருள் எடையைக் கூட்டிவிடும் அபாயம் உண்டு, சிக்னலும் சேர்ந்தே போனது அதற்குத் தெரியாது. நார்மலைசேஷன் (ஃபிரேம்களின் பின்னணியையும் ஒளி அளவையும் ஒன்றோடொன்று சமப்படுத்துவது) இதைச் சரிசெய்ய வேண்டும் என்பது கோட்பாடு. ஆனால் நார்மலைசேஷன் பெருக்கெண்ணைப் பல மென்பொருள்கள் படத்தின் மொத்தப் பிக்சல் பரவலிலிருந்துதான் கணக்கிடுகின்றன. இலக்கு மங்கலாகவும் படத்தில் பெரும்பகுதி வெறும் வானமாகவும் இருந்தால், அந்தப் பரவலே இரைச்சல்தான். அப்போது சமமாவது இரைச்சல், சிக்னல் அல்ல. எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும்: நிலவின் சாய்ந்த வெளிச்சத்தை மென்பொருள் சிக்னல் என்று எண்ணி வெளுத்த ஃபிரேமுக்கு அதிக எடை தரும். ஆகவே மென்பொருள் தந்த எடைகளை, நட்சத்திர மேக்னிட்யூடிலிருந்து கையால் போட்ட கணக்கோடு நாலைந்து ஃபிரேம்களுக்காவது ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் நட்சத்திர எண்ணிக்கை எடைக்கு மாறுங்கள்.

சாய்ந்த வெளிச்சத்தை ஸ்டாக் செய்வதற்கு முன்பே ஒவ்வொரு ஃபிரேமிலிருந்தும் நீக்குவது நல்லது. சிரிலில் பின்னணி நீக்கத்தை முழு வரிசைக்கும் செய்யலாம், டிகிரி 1-உடன் நிறுத்துங்கள். தனி ஃபிரேமில் சாய்வு பெரும்பாலும் நேர்கோடுதான். உயர்ந்த டிகிரி போட்டால் நெபுலாவின் ஓரங்களையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். செய்ய வேண்டிய நேரம் கேலிபரேஷனுக்குப் பின், ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்.

நார்மலைசேஷனுக்கு 'கூட்டலும் பெருக்கலும்' (சிரிலில் Additive with scaling) வகையையே வையுங்கள். நிலவு ஃபிரேமின் பின்னணி 3000, இருட்டு ஃபிரேமுடையது 800 என்றால், நார்மலைஸ் செய்யாத ரிஜெக்‌ஷன் எந்தக் கூட்டம் சிறுபான்மையோ அதை முழுவதுமாக வெட்டிவிடும். ஸ்டாக் முடிந்ததும் மென்பொருளின் லாகில் (செயல்பதிவில்) எத்தனை சதவீதப் பிக்சல்கள் வெட்டப்பட்டன என்று வரும். இருபக்கமும் 3 சிக்மா (சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தைப் போல 3 மடங்கு) எல்லை வைத்தால் இயல்பான இரைச்சலில் வெட்டுப்படுவது 0.27 சதவீதம். செயற்கைக்கோள் கோடுகளோடு சேர்த்து 1 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 5-ஐத் தாண்டினால் நல்ல தரவு வெட்டுப்படுகிறது.

கலப்புத் தரத்தில் ரிஜெக்‌ஷன் செய்யும் இன்னொரு அநியாயம் எளிதில் கண்ணில் படாது. எழுபது உப்பிய ஃபிரேம், பத்து கூர்மையான ஃபிரேம். கூர்மையானவற்றில் நட்சத்திர மையம் மற்றவற்றைவிட உயரமாக இருக்கும், எண்ணிக்கையில் சிறுபான்மையும்கூட. அல்காரிதத்தின் கண்ணுக்கு அது சென்சாரில் பட்ட காஸ்மிக் கதிரின் புள்ளி மாதிரித்தான். உங்கள் சிறந்த பத்து ஃபிரேமின் மையங்களைப் பிடுங்கி எறிந்துவிடும். ரிஜெக்‌ஷன் வரைபடத்தைச் சேமிக்கச் சொல்லித் திறந்து பாருங்கள்: கோடுகளும் சிதறிய புள்ளிகளும் மட்டும் தெரிய வேண்டும். நட்சத்திரம் இருக்கும் இடமெல்லாம் பொட்டும் வளையமுமாகத் தெரிந்தால் மேல் சிக்மாவை 3-லிருந்து 4-க்கு ஏற்றுங்கள். அப்போதும் போகவில்லையா, கூட்டத்தைத் தரவாரியாகப் பிரிக்க வேண்டியதுதான்.

எந்த ரிஜெக்‌ஷன் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. ஃபிரேம் ஆறுக்குள் என்றால் பர்சன்டைல் என்ற முறை, நடுத்தர எண்ணிக்கைக்கு வின்சரைஸ்டு சிக்மா, ஐம்பதுக்கு மேல் ஜி.இ.எஸ்.டி, வெவ்வேறு திசையில் சாய்வு உள்ள பெரிய கூட்டத்துக்கு லீனியர் ஃபிட். வெறும் மீடியன் வேண்டாம். சராசரியைவிட 25 சதவீதம் இரைச்சல் கூடும், எடையும் போட முடியாது. டீப்ஸ்கைஸ்டேக்கர்காரர்களுக்கு கப்பா-சிக்மா போதும். அதிலுள்ள 'ஆட்டோ அடாப்டிவ் வெயிட்டட் ஆவரேஜ்' பிக்சலுக்குப் பிக்சல் விலகலைப் பார்த்து எடை போடுவது. ஃபிரேமின் தரத்துக்கான எடை என்று அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வேறு வேறு எக்ஸ்போஷர், வேறு வேறு இரவு

குறுகிய எக்ஸ்போஷர் மோசமான எக்ஸ்போஷர் அல்ல. வானப் பின்னணியின் எலக்ட்ரான் எண்ணிக்கை, ரீட் நாய்ஸின் (சென்சாரை வாசிக்கும்போது சேரும் இரைச்சல்) வர்க்கத்தைப் போல 10 மடங்கு வந்துவிட்டால், ரீட் நாய்ஸால் மொத்த இரைச்சல் கூடுவது 5 சதவீதம்தான். ரீட் நாய்ஸ் 1.5 எலக்ட்ரான், பின்னணி பிக்சலுக்கு விநாடிக்கு 0.5 எலக்ட்ரான் என்றால் 45 விநாடி போதும். இதே நிலையில் 30 விநாடி ஃபிரேமுக்கும் 180 விநாடி ஃபிரேமுக்கும் எடை விகிதம் 1-க்கு 6 என்று எதிர்பார்ப்போம். ரீட் நாய்ஸையும் சேர்த்தால் 1-க்கு 6.7. இழப்பு அவ்வளவுதான். ஆனால் இரண்டையும் சம எடையில் கலந்தால் என்ன ஆகும் என்பது மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது.

கேலிபரேஷனில் மட்டும் கலப்புக்கு இடமில்லை. ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் அதே கெயின், அதே வெப்பநிலை, அதே நேர அளவில் மூடியோடு எடுத்த டார்க். கேமராவைக் கழற்றி மாட்டினால் புதிய ஃபிளாட். ஐ.எம்.எக்ஸ் 294 சென்சார் உள்ள கேமராக்களில் ஆம்ப் குளோ (சென்சாரின் மின்சுற்றால் வரும் வெளிச்சக் கறை) ஓரத்தில் பளிச்சென்று தெரியும். டார்க்கை நீட்டிச் சுருக்கிப் பொருத்த முயன்றால் அது அரைகுறையாகத் தங்கிவிடும். அந்தச் சென்சாருக்கு பயஸைவிட (மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் மூடியோடு எடுத்த படம்), ஃபிளாட்டின் அதே நேர அளவில் எடுத்த டார்க்-ஃபிளாட் நம்பகமானது. கேலிபரேஷன் தவறினால் பலவீனமான ஃபிரேமும் பழுதான ஃபிரேமாகிவிடும், பிறகு எந்த எடையும் காப்பாற்றாது. டீப்ஸ்கைஸ்டேக்கரில் இதற்காகவே குரூப் தாவல்கள் இருக்கின்றன: இரவுக்கு ஒரு குரூப், அதற்குள் அந்த இரவின் லைட் (இலக்கை எடுத்த ஃபிரேம்), டார்க், ஃபிளாட். மெயின் குரூப்பில் போடுவது எல்லாக் குரூப்புக்கும் பொருந்தும் என்பதை மறந்து அங்கே ஃபிளாட்டைப் போடுவதுதான் வழக்கமான தவறு. சிரிலில் ஒவ்வொரு இரவையும் தனியாகக் கேலிபரேட் செய்து, மெர்ஜ் கட்டளையால் ஒரே வரிசையாக்கி, பிறகு ரெஜிஸ்டர் செய்யுங்கள். மற்றவற்றைப் பொருத்தும் ஆதார ஃபிரேமாக, கூர்மையும் சாய்வற்ற பின்னணியும் உள்ள ஒன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

"இரவுக்கு ஒரு ஸ்டாக், கடைசியில் அவற்றை ஸ்டாக்" என்ற குறுக்குவழி வசதியானது, ஆபத்தும்கூட. முதல் இரவில் 60 ஃபிரேம், இரண்டாம் இரவில் 15, எல்லாம் ஒரே தரம். இரு ஸ்டாக்குகளையும் சம எடையில் சேர்த்தால் இரைச்சலின் வர்க்கம் 0.0208. முதல் இரவை மட்டும் வைத்திருந்தாலே 0.0167. எழுபத்தைந்தையும் ஒன்றாகப் போட்டிருந்தால் 0.0133. இப்படிச் செய்யத்தான் வேண்டும் என்றால் 'படங்களின் எண்ணிக்கை' எடையைத் தேர்ந்தெடுங்கள். அது இதற்காகவே வைத்தது. தரமும் வேறுபட்டால் இரைச்சல் எடை. 15 ஃபிரேம் கூட்டத்தில் மங்கலான செயற்கைக்கோள் கோடு ரிஜெக்‌ஷனில் தப்பிவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். எழுபத்தைந்தில் அது மாட்டும்.

180 விநாடியில் நிறைசெறிவாகிப்போன கொத்தின் மையத்தை 30 விநாடி ஃபிரேமால் மீட்பது இதில் சேராது. ஓரியன் நெபுலாவின் நடுவிலுள்ள டிரப்பீசியம் நட்சத்திரக் கூட்டமும் அப்படித்தான். அங்கே இரண்டையும் ஒரே சராசரியில் போட்டால் வெட்டுப்பட்ட மதிப்பும் உண்மை மதிப்பும் கலந்து, தட்டையான சாம்பல் வட்டம் வரும். நீண்டதைத் தனியாக, குறுகியதைத் தனியாக ஸ்டாக் செய்து, மாஸ்க் மூலமோ எச்.டி.ஆர் (வெவ்வேறு எக்ஸ்போஷர்களை இணைக்கும்) கருவியாலோ இணையுங்கள்.

கூர்மையும் ஆழமும் இரண்டுமே வேண்டும், ஃபிரேம்களோ பாதிக்குப் பாதி என்றால், ஒரே ஆதார ஃபிரேமுக்கு ரெஜிஸ்டர் செய்த ஒரே வரிசையிலிருந்து இரண்டு ஸ்டாக் எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஒன்று, வெயிட்டட் எஃப்.டபிள்யூ.எச்.எம்-இல் சிறந்த 40 சதவீதம் மட்டும். இன்னொன்று, பழுதானவை நீங்கலாக எல்லாம், எடையோடு. முதலாவதிலிருந்து ஒளிர்வு, இரண்டாவதிலிருந்து நிறமும் மங்கலான பின்னணியும். ஒமேகா சென்டாரியில் 25 பாகைக்கு மேல் எடுத்தவை மையத்தைப் பிரித்துக் காட்டும்; கீழே எடுத்தவை நிறத்துக்கும் ஓரத்துக்கும் உழைக்கும். நிறத்தில் மங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும், ஒளிர்வில் பொறுக்காது.

சேர்த்தது உதவியதா என்று சோதிக்க இரண்டு ஸ்டாக்கையும் ஸ்ட்ரெட்ச் செய்யாமல் (மங்கலானது தெரியும்படி பிரகாசத்தை இழுக்காமல்) திறந்து, நட்சத்திரமில்லாத ஒரே கட்டத்தில் திட்ட விலக்கத்தையும், நிறைசெறிவு ஆகாத ஒரே நட்சத்திரத்தின் மொத்த ஒளியையும் அளந்து, ஒளியை விலக்கத்தால் வகுங்கள். எது பெரிய எண்ணோ அது ஆழமான ஸ்டாக். விலக்கத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள்: மேக ஃபிரேம்கள் சிக்னலையும் சேர்த்துத் தாழ்த்தியிருக்கும். ஆட்டோ-ஸ்ட்ரெட்ச்சில் கண்ணால் ஒப்பிடுவதும் வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் அது அதனதன் இரைச்சலுக்கேற்ப இழுத்துக் காட்டுவதால், இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.